மே மாதத்தில் சாகும் கொட்டி

2020, 2021, 2022 என்று மூன்று வருடம் தொடர்ந்து என் மீன்தொட்டியில் கொட்டி என்ற நீர்ச்செடி செத்தது. வேறு செடி என்றால் விட்டிருப்பேன். எத்தனையோ செடி வந்தன, அழுகின, போயின. கொட்டியை அப்படி விட முடியவில்லை. தம்பலகாமத்துப் பக்கம் மாரியில் போய்ப் பார்த்தால் வயலோரக் குளம், வாய்க்கால் கரை, எருமை கிடந்து கலக்கிய மடு என்று தண்ணீர் நிற்கிற இடமெல்லாம் அது நிற்கும். ஒருவரும் நட்டதில்லை, ஒருவரும் பசளை போட்டதில்லை. அந்தச் செடியை நான் திருகோணமலை நகரத்து உவர்மலையில் ஒரு வீட்டு முன்னறையில் வைத்து, தண்ணீரை வடித்து, மண்ணைச் சலித்து, விளக்குக்கு நேரம் குறித்துப் பார்த்துப் பார்த்து வளர்த்தேன். அது செத்தது. தம்பலகாமத்துப் பெரியப்பா வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீற்றர்கூட இல்லாத தூரம். அதே மழை, அதே வெயில். அங்கே காடாகக் கிடப்பது இங்கே என் கையில் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வி மூன்று வருடம் என்னை விடவில்லை.

நான் சொல்லும் கொட்டி, இலை நீண்டு, விளிம்பு நெளிநெளியாக மடிந்து, தண்ணீருக்குள்ளேயே ஆடிக்கொண்டு நிற்கிற வகை. தாவரவியலில் அப்பனோஜெட்டன் கிறிஸ்பஸ். இலை தண்ணீரின் மேல் படுத்து மிதக்கும் நட்டான்ஸ் வகையையும் எங்கள் ஆட்கள் கொட்டி என்றுதான் சொல்வார்கள். சிங்களத்தில் கெகட்டிய, அவர்கள் பூந்தண்டைக் கறியாக்குவார்கள், நாங்கள் கிழங்கை அவிப்போம். 18ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்துபோன சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் 1781இல் இதற்கு அந்தப் பெயரை வைத்தார். இன்று உலகம் முழுக்க மீன்தொட்டிச் செடியாக விற்கிறார்கள். கொழும்புக் கடையில் நானே ஒருமுறை இதன் காய்ந்த கிழங்கைப் பொதியில் பார்த்து, கையில் எடுத்துவிட்டு, பெரியம்மாவின் குசினிச் சுளகு நினைவுக்கு வந்து திரும்ப வைத்திருக்கிறேன்.

தொட்டி வாங்கியது 2019இல். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். முழுக்க நிரப்பினால் 180 லீற்றர் பிடிக்கும். அந்த நாட்களில் நான் தக்காஷி அமானோவின் தொட்டிப் படங்களில் கிறங்கிக் கிடந்தேன். மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டியை ஒரு நிலக்காட்சியாக மாற்றிக் காட்டிய ஜப்பான்காரர் அவர். கல், வேர்க்கட்டை, புல்வெளி போன்ற சிறுசெடிகள், எல்லாம் பச்சை; ஒரு பழுத்த இலை இல்லை. அந்தப் படங்கள் எனக்குள் ஒரு எண்ணத்தை ஊன்றிவிட்டன: நன்றாகப் பராமரிக்கிற தொட்டி என்றால் அது எந்த நாளில் பார்த்தாலும் அப்படியே இருக்க வேண்டும். பின்னால் நடந்தது எல்லாவற்றுக்கும் அடியில் அந்த எண்ணம்தான் கிடந்தது என்பதை இப்போது தெளிவாகப் பார்க்கிறேன்.

2020 தைப்பொங்கலுக்குத் தம்பலகாமம் போனபோது பெரியப்பாவின் வயலுக்குப் பின்னால் உள்ள சின்னக் குளம் தளும்பி நின்றது. தெளிந்த தண்ணீர். முழங்கால் ஆழத்தில் நூற்றுக்கணக்கான கொட்டி இலைகள் ஒரே பக்கமாகச் சரிந்து ஆடின. மேலே விரலளவு வெள்ளைப் பூங்கதிர்கள் தண்ணீரை விட்டு எழும்பி நின்றன. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, மூன்று செடியைக் கிழங்கோடு சேற்றிலிருந்து தோண்டி எடுத்தேன். கிழங்கு கோலிக்குண்டு அளவுதான் இருந்தது, தொட்டால் கொஞ்சம் தளர்ந்து. அதை அப்போது கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

தொட்டியில் நட்டேன். இரண்டு வாரம் சும்மா நின்றது. பிறகு இலை விட்டது பாருங்கள், அப்படி ஒரு வேகத்தை நான் எந்தச் செடியிலும் கண்டதில்லை. மார்ச் நடுவில் ஊரடங்கு வந்து எல்லோரும் வீட்டுக்குள் அடைபட்டபோது இலைகள் ஒன்றரை அடி நீண்டு, தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டு வளைந்து ஓடின. ஏப்ரலில் நான்கு பூங்கதிர் வந்தது. வெளியில் போக முடியாத அந்த நாட்களில் காலையில் தேநீரோடு கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பேன். குளத்தில் குனிந்து மேலிருந்து பார்த்த செடியை, பக்கவாட்டில், கண்ணுக்கு நேரே பார்ப்பது வேறு அனுபவம். இலை விளிம்பின் ஒவ்வொரு மடிப்பிலும் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ்கள் ஒட்டி நிற்கும். விளக்கை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்தும் அவை அப்படியே நிற்கும்.

மே இரண்டாம் வாரத்தில் புதிதாக வந்த இலை பழையதில் பாதிதான் இருந்தது. அடுத்தது அதிலும் பாதி. பழைய இலைகளில் கண்ணாடி போல ஓட்டைகள் விழுந்தன. ஜூன் நடுவில் மூன்று செடியும் இல்லை.

மூன்று வருடம், மூன்று காரணம்

முதல் வருடம் நான் கண்டுபிடித்த காரணம் வெளிச்சம். இலை சிறுக்கத் தொடங்கியதும், வெளிச்சம் போதவில்லை, அதனால்தான் செடி சுருங்குகிறது என்று முடிவுகட்டி, எட்டு மணித்தியாலம் எரிந்த விளக்கைப் பதினொன்றாக்கினேன். கொட்டி திரும்பவில்லை. கண்ணாடியிலும் கல்லிலும் கறுத்த நூல்பாசிதான் படர்ந்தது. செத்தது என்று முடிவானபின் மண்ணைக் கிளறிக் கிழங்குகளை எடுத்தேன். ஒன்று கூழாகிக் கெட்ட மணம் அடித்தது. மற்ற இரண்டும் கெட்டியாக, கொட்டைப்பாக்குப் போல இருந்தன. இலையில்லாத கிழங்கை வைத்து என்ன செய்வது? மூன்றையும் ஒன்றாகக் குப்பை வாளிக்குள் போட்டேன்.

இரண்டாம் வருடக் காரணம் வெக்கை. 2021 தையில் திரும்பவும் நான்கு செடி கொண்டுவந்து நட்டேன். திரும்பவும் அதே அழகு, அதே வேகம். இந்தமுறை தொட்டிக்குள் வெப்பமானி தொங்கியது, பக்கத்தில் என் கொப்பியும் இருந்தது. தையில் 26 பாகை காட்டிய தண்ணீர் மே மாதம் 31ஐத் தாண்டியது. திருகோணமலையில் கச்சான் என்கிற சூடான மேல்காற்று தொடங்கினால் வீட்டுச் சுவரே சுடும். தண்ணீர் மட்டும் எப்படித் தப்பும்? சூடான தண்ணீரில் வாயு கரைந்து நிற்பது குறைவு. செடிக்கு வேண்டிய கரியமில வாயுவும் மீனுக்கு வேண்டிய பிராணவாயுவும் இரண்டுமே குறையும். ஆகவே வெக்கைதான் கொலைகாரன் என்று நம்பினேன். தண்ணீரின் மேல் காற்று அடிக்கும்படி சின்ன மின்விசிறி பொருத்தினேன். ஆவி பறக்கப் பறக்க இரண்டு பாகை இறங்கியது, தினம் ஒரு வாளித் தண்ணீர் குறைந்தது. மத்தியானத்தில் ஐஸ் போத்தல் மிதக்க விட்டேன். 29 பாகையில் வைத்துக் காப்பாற்றிய அந்தத் தண்ணீரில், மே கடைசியில், கொட்டியின் இலைகள் ஓட்டை விழுந்து கரைந்தன. பெரியப்பாவின் குளத்துத் தண்ணீர் சித்திரை வெயிலில் என் தொட்டியை விடச் சூடாகத்தான் இருக்கும் என்று அப்போது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அந்த வருடத்தில் இன்னொன்றும் நடந்தது. அதைச் சொல்லாமல் போக மனமில்லை. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள். பெரியப்பா தொலைபேசியில், யூரியா இல்லாமல் வயலை என்ன செய்வது என்று கவலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். அதே வாரம் நான் நகரத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி, தொட்டிக்கு ஒரு கைப்பிடி பொட்டாசியம் பசளை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். அவர் பேசி வைத்த பிறகுதான் அது உறைத்தது. ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சாப்பிடுகிற நெல்லுக்கு இல்லாததை, அந்த நெல்லுக்குப் பக்கத்தில் களைபோல முளைக்கிற செடிக்கு நான் தேடி அலைகிறேன். அன்றைக்கு அந்தத் தேடலை நிறுத்தினேன். களிமண்ணை உருட்டிக் காயவைத்து வேரடியில் புதைத்ததோடு சரி.

மூன்றாம் வருடம் காரணம் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அது 2022, நாட்டின் பொருளாதார நெருக்கடி வருடம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. விளக்கு இல்லை, வடிகட்டி இல்லை, விசிறி இல்லை. இரண்டு லீற்றர்ப் போத்தலில் சீனியும் ஈஸ்ட்டும் கரைத்து நான் செய்திருந்த கரியமில வாயு ஏற்பாட்டைச் சீனி விலையைப் பார்த்துவிட்டு நானே கழற்றினேன். மீன்களை ஒரு நண்பர் வீட்டுக் கிணற்றடித் தொட்டிக்குக் கொண்டுபோய் விட்டேன். கொட்டி மே முதல் கிழமையில் சிறுக்கத் தொடங்கியபோது எனக்கு வியப்பே இல்லை. நாடே இருண்டு கிடக்கும்போது ஒரு செடி எப்படிப் பிழைக்கும்? அந்த வருடம் எல்லாச் சாவுக்கும் ஒரு விளக்கம் கைவசம் இருந்தது. ஜூனில் தொட்டியை முழுக்க வெறுமையாக்கி, மண்ணை வாளி வாளியாக அள்ளிக் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் கொட்டினேன். கிழங்கு இருந்ததா இல்லையா என்று தேடக்கூட இல்லை.

காய்ந்த குளத்தில்

ஆகஸ்ட் வந்தது. எரிபொருள் பங்கீட்டுக் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் கிடைக்கத் தொடங்கியிருந்தது. பல மாதம் போகாமலிருந்த தம்பலகாமத்துக்கு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கொட்டியைப் பற்றிய நினைப்பே இல்லை. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வழியெல்லாம் கச்சான் காற்று புழுதியை முகத்தில் அடித்தது. வீட்டில் பெரியம்மா மட்டும் இருந்தார். “பெரியப்பா குளத்துக்க நிக்கிறார், போய்ப் பார் தம்பி” என்றார்.

குளத்துக்கு அருகில் என்று இல்லாமல் குளத்துக்குள் என்று அவர் சொன்னதன் பொருள் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிய அந்த இடம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டுவரை இறங்கியது. ஒரு பச்சை இலை இல்லை. வைக்கோல் நிறத்தில் சில காய்ந்த நார்கள் மண்ணோடு ஒட்டிக் கிடந்தன. அவை கொட்டி இலையாக இருந்தவை என்று சொன்னால்தான் தெரியும். கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் எப்போதோ வேறு இடம் பார்த்துப் போய்விட்டன. அந்த வெறுந்தரையின் நடுவில் பெரியப்பா குந்தியிருந்து, அலவாங்கால் மண்பாளத்தை நெம்பி, அடியில் கையை விட்டு எதையோ பொறுக்கிப் பக்கத்துக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

எட்டிப் பார்த்தேன். கூடையில் அரைவாசிக்குக் கொட்டிக்கிழங்கு.

நான் முதலில் கேட்டது இதுதான்: “பெரியப்பா, இதெல்லாம் செத்த கிழங்கெல்லோ?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “செத்ததெண்டு ஆர் சொன்னது? இப்பதான் கிழங்கு கிழங்கா இருக்கும். இலை நிக்கேக்க கிண்டினா உள்ளுக்க ஒண்டும் இராது தம்பி, வத்திப்போய்க் கிடக்கும். எல்லாத்தையும் இலைக்குக் குடுத்திருக்கும். தண்ணி இறங்க இறங்க, இலையில உள்ளதைத் திருப்பி வாங்கிக் கீழ வைக்கும்.” ஒரு கிழங்கை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். தோலுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று மா. என் பெருவிரலை விடத் தடிப்பு. இரண்டு விரலால் அமுக்கினேன், ஒரு துளி தளரவில்லை.

அந்தக் கெட்டித்தன்மை என் விரலுக்கு முன்பே தெரிந்த ஒன்று. முதல் வருடக் குப்பை வாளியின் பக்கத்தில் நின்று அதே கெட்டியைத்தான் தொட்டேன். இரண்டாம் வருடமும் தொட்டேன். இலை இல்லை என்பதால் அது பிணம் என்று முடிவுகட்டி எறிந்தேன். அந்த வெடித்த தரையில் நின்றபடி, கொப்பியில் நான் எழுதிவைத்த திகதிகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். 2020 மே இரண்டாம் வாரம். 2021 மே கடைசி. 2022 மே முதல் வாரம். மூன்று வருடத்துக்கும் மூன்று காரணம் கண்டுபிடித்திருந்தேன். மாதம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஒரே கொப்பியில், என் கையெழுத்தில், அது எழுதப்பட்டிருந்தது. குளம் வற்றினாலும் கொட்டி குளத்தை விட்டுப் போகாது என்று சின்ன வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். அதை நட்புக்கும் உறவுக்கும் சொன்ன உவமையாக மட்டும்தான் நான் படித்திருந்தேன். கொட்டி என்ற செடியைப் பற்றிய உண்மையாகப் படிக்கவில்லை.

கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் வற்றவேயில்லை, பிறகு எப்படி அதற்கு மே மாதம் தெரிந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில மாதம் வளர்ந்து, பூத்து, கிழங்கை நிரப்பியதும் ஓய்வுக்குப் போவது இந்தச் செடியின் உடம்பிலேயே உள்ள வழக்கம். ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஈரவலய ஆறுகளில் வளரும் இதன் உறவுச்செடி ஒன்று இலங்கையில் உண்டு, அப்பனோஜெட்டன் ரிஜிடிஃபோலியஸ் என்று. அதற்கு இந்த உறக்கம் இல்லை. அது வாழ்ந்த இடத்தில் தண்ணீர் வற்றியதில்லை. எங்கள் கொட்டி வரண்ட வலயத்துக் குளத்தில் பிறந்தது. கிழங்கு ஓய்வுக்குப் போகிற நேரம் பார்த்து நான் வெளிச்சத்தைக் கூட்டினேன், வேரடியில் களியுருண்டை புதைத்தேன், சூடான ஈரமண்ணுக்குள் அதை மாதக்கணக்கில் ஊற வைத்தேன், இரண்டு நாளைக்கு ஒருமுறை விரலை விட்டுக் கிளறிப் பார்த்தேன். உறங்கப் போகிறவரை எழுப்பி எழுப்பி, உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டதுபோல. அழுகியது அப்படித்தான். அழுகாமல் பிழைத்ததை எறிந்தேன்.

அன்று மத்தியானம் பெரியம்மா கிழங்கை அவித்து, தோல் உரித்து, தேங்காய்ப்பூவோடு வைத்தார். 1990இல் இடம்பெயர்ந்து காட்டோரம் இருந்த மாதங்களில் அரிசி இல்லாத நாட்களை இந்தக் கிழங்குதான் தாங்கியது என்றார். “அப்பவும் இப்பிடித்தான் வெயில் காலம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். குளத்தில் எதுவும் இல்லை என்று பார்க்கிறவருக்குத் தோன்றுகிற மாதத்தில் கிழங்கு நிறைந்து இருப்பதால்தான் அவர்கள் பிழைத்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டேன்.

வேப்பமரத்தடி மண்

வீட்டுக்கு வந்ததும் மோட்டார் சைக்கிளைக்கூட உள்ளே ஏற்றாமல் கொல்லைப்புறம் போனேன். தொட்டி மண் கொட்டிய குவியல் இரண்டு மாத வெயிலில் இறுகிக் கிடந்தது, மேலே வேப்பஞ்சருகு. மண்வெட்டி போட்டால் கிழங்கு வெட்டுப்படும் என்று பயந்து கையால் உடைத்தேன். இருட்டும்வரை உடைத்து, பிறகு தொலைபேசி வெளிச்சத்தில் உடைத்தேன். நான்கு செடி நட்டிருந்தேன். கிடைத்தது ஒன்று. தோல் சுருங்கி, பெரியப்பாவின் கூடையில் இருந்ததில் கால்வாசிதான் இருக்கும். அமுக்கிப் பார்த்தேன். கெட்டி.

ஒரு சின்ன மண்சட்டியில் குளத்துக் களியும் மணலும் கலந்து அதைப் புதைத்து, வேப்ப நிழலில் வைத்தேன். தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது செடி வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். செப்டெம்பர் முழுக்கக் காலையில் எழுந்ததும் கை வாளிப் பக்கம் போகும். ஒக்டோபரில் மாரி தொடங்கி முதல் இரண்டு நல்ல மழை பெய்தபின், நனைந்த சட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டிக்குள் இறக்கினேன். தொட்டியில் அப்போது மண்கூட இல்லை. வெறும் கண்ணாடி, தண்ணீர், நடுவில் ஒரு சட்டி. கரண்ட் இருக்கிற நேரத்தில் மட்டும் விளக்கு எரிந்தது. பதினாறாம் நாள் காலை, சட்டியின் நடுவில் ஊசி முனையளவு சிவந்த குருத்து. தையில் அது தண்ணீரின் மேற்பரப்பைத் தொட்டது.

அதன்பின் ஒவ்வொரு வருடமும் அதே ஒழுங்கு. கொட்டியைத் தொட்டி மண்ணில் நேரடியாக நடுவதில்லை, சட்டியோடுதான் புதைக்கிறேன். மே மாதம் புது இலை சிறுத்தால் எதையும் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. இலைகள் தாமாகக் கரைந்து முடியும்வரை வெட்டாமல் பொறுத்திருக்கிறேன். அந்த இலைகளில் உள்ளதைத்தான் அது கீழே இறக்குகிறது. முடிந்ததும் சட்டியை எடுத்து நிழலில் வைத்து மெதுவாகக் காயவிடுகிறேன். 2023இல் பெரியப்பா கொடுத்த மூன்றையும் சேர்த்து நான்கு சட்டி இருந்தன. நான்கில் மூன்று திரும்பின. திரும்பாத ஒன்றை, இரண்டு இலை பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டுத் தூக்கியிருந்தேன். கிழங்கு நிரம்பியிருக்கவில்லை.

வெறுமையான இடம்

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு சின்ன வெற்றிக்கதையாகச் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். எனக்குள் இன்னும் தீராமல் கிடப்பது தொட்டியின் வலப்பக்க மூலை. ஜூன் முதல் ஒக்டோபர்வரை அங்கே ஒன்றும் இல்லை. முன்னறைக்கு வருகிற எல்லோருடைய கண்ணும் நேரே அங்கேதான் போகிறது. கொழும்பில் பல வருடமாகச் செடித்தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், என்னை விட அனுபவம் கூடியவர், இதற்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டார். கடையில் கிறிஸ்பஸ் என்று விற்கிற பலதும் நட்டான்ஸோடு கலந்த கலப்பினம். அதற்கு உறக்கம் பெரிதாகத் தேவையில்லை. ஒரு கிழங்கை வாங்கி நட்டால் வருடம் முழுக்க நிற்கும், மூலையும் நிறையும் என்றார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. மீன்தொட்டி என்பது பார்த்து மகிழ வைப்பது, வருடத்தில் நான்கு மாதம் வெறுமையாகக் கிடக்கிற காட்சியை யார் விரும்புவார் என்பதும் நியாயமான கேள்விதான்.

நான் மறுத்துவிட்டேன். ஏன் மறுத்தேன் என்று அவருக்கு அன்று சரியாகச் சொல்ல வரவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த நெளிந்த இலை மட்டும் என்றால் கலப்பினமே போதும். அந்தக் குளத்துச் செடிதான் வேண்டும் என்று நான் இறங்கித் தோண்டினேன். அந்தக் குளத்துச் செடியில் பாதி, இலை இல்லாத மாதங்கள். அதை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனாலும் சில இரவுகளில் எதிர்ப்பக்கமாகவும் யோசிப்பேன். குளத்தில் அது தானாக உறங்கித் தானாக எழும்புகிறது. இங்கே நான் தூக்கி வெளியில் வைக்கிறேன், நான் தூக்கி உள்ளே வைக்கிறேன். மழை எப்போது என்று முடிவெடுக்கிற ஆளாக நான் வந்து நிற்பது சரியா? அதைக் குளத்திலேயே விட்டுவிட்டு, தைப்பொங்கலுக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருவது இன்னும் நேர்மையாக இருக்குமோ? இதற்கு இன்னும் என்னிடம் பதில் உறுதிப்படவில்லை. சட்டிகளை மட்டும் ஒவ்வொரு வருடமும் திரும்ப உள்ளே இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆகஸ்டில் பெரியப்பா கண் காட்டுவதற்கு நகரத்துக்கு வந்தார். என் தொட்டியை அவர் நேரில் பார்ப்பது அதுவே முதல் தடவை. கதிரையைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக் கொடுத்தேன். மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வேர்க்கட்டையைப் பார்த்தார். பிறகு வலப்பக்க மூலையைப் பார்த்துவிட்டு, “கிழங்குகள் எங்க?” என்றார்.

கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் வரிசையாக ஐந்து சட்டி. சட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். முதல் சட்டியில் சுட்டுவிரலை நகக்கண்வரை இறக்கி, எடுத்து, விரலில் ஒட்டிய மண்ணை உருட்டிப் பார்த்தார். இரண்டாவதில் இறக்கினார். மூன்றாவதில் கொஞ்சம் கூடுதலாக இறக்கி, தலையை ஆட்டினார்.

“இது இன்னும் ஈரமாக் கிடக்கு. கொஞ்சம் வெயில் பக்கமா வை.”

வைத்தேன்.